நாற்பத்தொன்றுக்கு மூன்று குரல்

"டிபார்னா என்னடி?"

கேட்டது பெரியவள். சின்னவள் கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். மாவுக்கட்டு போட்ட அவளுடைய வலது கால் இரண்டு தலையணைகளின் மேல், ஜெயித்து வாங்கி வந்த கோப்பை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"எல்லாப் பாடத்துலயுமா?"

"மத்ததுல யாரும் அட்டென்டன்ஸைக் கண்டுக்கறதில்லை, புள்ளியியல்ல மட்டும்தான். ஆனா அது கோர் பேப்பர்க்கா. அதை முடிக்காம அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது. ஒரு வருஷமே போயிடும்."

"கோர்னா?"

"எலெக்டிவ்னா நாமளா விரும்பி எடுக்கிற பாடம். கோர்னா அதுவா வந்து நம்ம தலையில உக்காருறது. வேணாம்னு சொல்ல முடியாது."

"சொந்தக்காரங்க மாதிரி."

"அதேதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மறுபடியும் காலைப் பார்த்தார்கள். கால் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, மூன்றாவது மாடியில் இருந்த அவர்கள் வீட்டுப் படிக்கட்டில், கையில் புத்தகமும் வாயில் பிஸ்கட்டுமாக இறங்கிய சின்னவள் கடைசி ஐந்து படிகளை உட்கார்ந்தபடியே கடந்திருந்தாள். கணுக்கால் எலும்பில் முறிவு. ஒரு மாதத்துக்குக் கால் தரையில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பழைய சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வகுப்புகளில் முக்கால்வாசிக்காவது வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். குறைந்தால் அதற்கு ஷார்ட்டேஜ் என்று பேர். ஷார்ட்டேஜ் வந்தால் டிபார். சின்னவள் ஏற்கெனவே அந்தக் கோட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். ஏன் விளிம்புக்குப் போனாள் என்று பெரியவள் கேட்டதற்கு, "மத்தியான வகுப்புக்கா, தூக்கம் வரும், சில நாள் கட் அடிச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பெரியவள் அதற்குத் திட்டவேண்டிய அளவு திட்டிவிட்டாள்.

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு அது. பெரியவளுக்கு முப்பத்தொன்று, சின்னவளுக்குப் பத்தொன்பது. தங்கையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் அவள்தான், பல்கலைக்கழக வாசலில் விட்டதும் அவள்தான். வாசல் வரைதான். உள்ளே இருந்த உலகத்தைச் சின்னவள் தினமும் சாயங்காலம் சொல் சொல்லாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரியவள் கற்றுக்கொண்ட முதல் சொல் ஓரியன்டேஷன். "புதுசா சேர்ந்தவங்களுக்கு முதல் மூணு வாரம் சும்மா சுத்திக் காட்டுவாங்கக்கா. வகுப்பே கிடையாது." அப்புறம் செமஸ்டர், டியூட்டோரியல், இன்டர்னல், அரியர். ஆபீஸ் ஹவர்ஸ் என்ற சொல்லில் மட்டும் அவள் ரொம்ப நாள் தடுமாறினாள். வாத்தியார் தன் அறையில் உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் வந்து சந்தேகம் கேட்கலாம் என்று காத்திருக்கும் நேரம் அது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஆபீஸ் கதவு திறந்திருந்தால், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

"சரி," என்றாள் பெரியவள். "திங்கக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணி. எதுக்கு?"

"நான் போறேன்."

"எங்க?"

"உனக்குப் பதிலா."

சின்னவளுக்குப் புரையேறியது. "அக்கா! அதுக்குப் பேரு பிராக்ஸி! பிடிச்சா என்னை மட்டுமில்ல, உன்னையும் உள்ள வெச்சுடுவாங்க!"

"என்னடி பெரிய கொலைக்குத்தம் மாதிரி பேசுறே? ஆள் வரமுடியலைன்னா பதில் ஆள் அனுப்புறது ஒரு மரியாதை."

அவள் உலகத்தில் அது உண்மையிலேயே மரியாதைதான்.

பெரியவள் வேலை பார்த்தது நகரத்து ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலையில். அவளுடைய இடம் உருளை மெஷின். ஈரம் போகாத விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்து ஆள் வரவில்லை என்றால் மறுபக்கத்து ஆளுக்கும் வேலை இல்லை. அதனால் அங்கே ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் தங்கை வருவாள், நாத்தனார் வருவாள், பக்கத்து வீட்டுப் பெண்ணாவது வருவாள். வந்து வாசலில் சூப்பர்வைசரிடம், "அவங்களுக்குப் பதிலா நான்" என்று சொன்னால் போதும். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையுறையை எடுத்துக் கொடுப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பெரியவளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, அப்படிப் போய் நின்றவள் சின்னவள்தான். காலை ஷிப்ட் முழுக்க நின்று, கை சிவந்து, மத்தியானம் வந்து அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அந்தக் கடன் பெரியவளின் நெஞ்சில் அப்படியே இருந்தது.

"நீ எனக்குப் போய் நின்னேல்ல? இப்ப நான் உனக்கு. பேச்சை வளர்க்காதே. என்ன பண்ணணும், சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பயிற்சி நடந்தது. எதிரி நாட்டுக்குள் ஆள் அனுப்புகிறவர்கள்கூட இத்தனை கவனமாகத் தயார் செய்திருக்க மாட்டார்கள்.

"எங்க உக்காருவே?"

"கடைசிக்கு முந்தின வரிசை. கடைசி வரிசைன்னா சந்தேகம் வரும்."

"உன் நம்பர்?"

"நாப்பத்தொண்ணு."

"மேடம் கூப்பிட்டா?"

"வந்திருக்கேன் மேடம்."

"ஐயோ! பிரசன்ட் மேம்! ரெண்டே வார்த்தை. யாராவது, 'அசைன்மென்ட் சப்மிட் பண்ணியாச்சா'ன்னு கேட்டா?"

"வீட்டுப்பாடம் கொடுத்தாச்சான்னு அர்த்தம். 'எக்ஸ்டென்ஷன் கேட்டிருக்கேன்'னு சொல்லணும். தவணை கேட்டிருக்கேன்னு அர்த்தம்."

"சூப்பர். இன்டர்னல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா?"

"மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கணும்."

"அவ்வளவுதான். இனிமே நீ ஸ்டூடன்ட்." சின்னவள் அக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் சட்டென்று முகம் மாறி, "அக்கா, யார் என்ன கேட்டாலும் என்னைப் பத்தி எதுவும் பேசாதே. மேடம்கிட்ட மட்டும் பேசவே பேசாதே. பெல் அடிச்சதும் எழுந்து வந்துடு. சரியா?" என்றாள்.

"உன் ஃபிரெண்ட்ஸ் யார்கிட்டயாவது சொல்லட்டுமா?"

"வேணாம். அவங்களே பிராக்ஸி கொடுக்கிறேன்னு நின்னாங்க. எனக்காக நீங்க மாட்டிக்காதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்."

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, சின்னவளின் நீலச் சட்டையும் முதுகுப் பையுமாகப் பெரியவள் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாள். கழுத்தில் தங்கையின் அடையாள அட்டை, படம் உள்பக்கம் திரும்பி.

கூடம் சினிமா கொட்டகை மாதிரி சரிந்து கீழே இறங்கியது. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்தது. ஆலையில் கொதிக்கும் உருளைக்கு முன்னால்கூட அவளுக்கு இப்படி வேர்த்ததில்லை.

புள்ளியியல் மேடம் வந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. வருகை எடுக்கப் போகிறார் என்று பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் எடுக்கவில்லை. பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"பத்தாயிரம் பல்பு செய்யுற ஒரு ஃபாக்டரி. ஒவ்வொரு பல்பையும் எரியுதான்னு எரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா, விக்கறதுக்கு எப்ப போறது? அதனால கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். எதை எடுக்கணும், எத்தனை எடுக்கணும்? அதுதான் இன்னைக்குக் கதை. சாம்ப்ளிங்."

பெரியவளுக்கு முதலில் பயத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாந்து போவோம் என்றார் மேடம். அடியில் இருந்தும் நடுவில் இருந்தும் எடுக்க வேண்டும், நமக்குப் பிடித்ததை எடுக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும் என்றார். பெரியவள் தன்னையறியாமல் தலையாட்டினாள். எதிரில் இருந்த பலகையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை தினமும் இப்படி ஓர் இடத்திலா உட்கார்ந்திருக்கிறாள்? இந்த வகுப்பையா இவள் தூக்கம் வருகிறது என்று கட் அடித்தாள்?

பெல் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மேடம் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். வருகை ஆரம்பித்தது. தலையே நிமிராமல், ஓட்டமாக நம்பர்களைச் சொல்லிக்கொண்டு போனார்.

"முப்பத்தொன்பது."

"பிரசன்ட் மேம்."

"நாப்பது."

"பிரசன்ட் மேம்."

"நாப்பத்தொண்ணு."

பெரியவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பிரசன்ட் மேம்!"

அதே நொடியில், நடு வரிசையில் இருந்து ஒரு கனத்த பெண்குரல்: "பிரசன்ட் மேம்!"

அதே நொடியில், ஜன்னலோர வரிசையில் இருந்து ஒரு கீச்சுக்குரல், ஆண்பிள்ளை யாரோ தொண்டையை நெரித்துக்கொண்டு பெண் மாதிரி பேசுகிற குரல்: "பிரசன்ட் மேம்!"

கூடம் அப்படியே உறைந்தது.

மேடத்தின் தலை மெதுவாக நிமிர்ந்தது.

"நாப்பத்தொண்ணு," என்றார் மறுபடியும், ரொம்ப மென்மையாக.

இந்தத் தடவை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன அதிசயம்! போன நிமிஷம் மூணு பேர் இருந்தாங்க, இப்ப ஒருத்தரும் இல்லையே." அவர் மேடையை விட்டு இறங்கினார். "ஒரு பொண்ணு மூணு இடத்துல உக்காந்திருக்கா. அதுல ஒரு இடத்துல மீசையோட. பிராக்ஸி கொடுத்தவங்க நீங்களாவே எழுந்திரிச்சா நல்லது. இல்லைன்னா அந்த நாப்பத்தொண்ணு மேல எழுதி அனுப்புவேன். அவ பரீட்சையை மறந்துடலாம்."

பரீட்சை என்ற சொல் பெரியவளின் காதில் விழுந்த அடுத்த கணம் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி மொத்தமும் காற்றில் போயிற்று. பதினைந்து வருடமாக ஆலை வாசலில் கேட்டுப் பழகிய வாக்கியம்தான் வாயில் வந்தது.

"அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன் மேடம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"அக்கா. அவளுக்குக் கால் உடைஞ்சு போச்சு. வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவ என்னைப் போகச் சொல்லலை, நான்தான் வந்தேன். எங்க ஆலையில அப்படித்தான். ஒருத்தர் வரலைன்னா வீட்டுல இருந்து இன்னொருத்தர் வந்து நிப்போம். இங்கேயும் ஆளுக்கு ஆள் சரியா இருந்தா போதும்னு நினைச்சேன். தப்புன்னா என் பேர்ல எழுதுங்க. அவ மேல எழுதாதீங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. நடு வரிசையில் ஒரு குண்டுப் பெண் தானாக எழுந்தாள். ஜன்னலோரம் ஒரு பையன், தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். மேல் உதட்டில் அரும்பு மீசை.

"மூணு பேரும் என் அறைக்கு வாங்க," என்றார் மேடம்.

வராந்தாவில் நடக்கும்போதே அந்தப் பெண் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் கனம் என்பதால் வகுப்பில் அவளுக்கு மைக் என்று பேர். ரகசியம் பேசினாலும் வராந்தாவின் மறுமுனை வரை கேட்கும். "நீங்க வர்றது தெரியாதுக்கா! நான் மட்டும்தான் கொடுக்கிறேன்னு நினைச்சேன்!"

"நானும்தான்," என்றான் தொப்பி. "மைக், நீ சத்தியம் பண்ணியிருந்தேல்ல?"

"நீ மட்டும் பண்ணலையாடா, கீச்சான்?"

"பாசம் வெச்சதெல்லாம் சரி," என்றாள் பெரியவள். "முறை வெச்சுக்கிட்டு வெச்சிருக்கலாம்ல?"

அறை சின்னது. நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. மேடம் பெரியவளை அதில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இன்னைக்கு அவளுக்கு ஆப்சென்ட்தான். அது மாறாது," என்றார் மேடம். "ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. கால் உடைஞ்சிருக்குன்னா டாக்டர் சர்டிஃபிகேட் வெச்சு கண்டோனேஷன் கேட்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த நாடகம்?"

"எது கேட்கணும் மேடம்?"

"கண்டோனேஷன். தகுந்த காரணம் இருந்தா, வராத நாள்ல கொஞ்சத்தை மன்னிச்சு விடுறது. எல்லா ஸ்டூடன்ட்டுக்கும் தெரியுமே."

பெரியவள் திகைத்துப் போனாள். அரியர் தெரியும், டிபார் தெரியும், ஷார்ட்டேஜ் தெரியும். பயமுறுத்துகிற சொல் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவள், காப்பாற்றுகிற இந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் கொண்டுவரவில்லை?

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆனா அந்த மன்னிப்புக்கும் ஓர் அளவு இருக்கு. இவ முதல் மூணு வாரம் வரவே இல்லை. அதுலயே பாதி போச்சு. இன்னைய வகுப்பையும் நாளன்னைக்கு வகுப்பையும் வேணும்னா மன்னிக்கச் சொல்லலாம். அதுக்கப்புறம் ஒண்ணு விட்டாலும் என்னால எதுவும் செய்ய முடியாது."

"முதல் மூணு வாரமா?" பெரியவள் குழப்பத்தோடு சிரித்தாள். "அது ஓரியன்டேஷன்ல மேடம்? வகுப்பே கிடையாதாமே?"

மைக்கும் தொப்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மைக்தான், அவளுக்குத் தெரிந்த மிக மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஓரியன்டேஷன் ஒரே ஒரு நாள்தான்க்கா."

பெரியவள் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் மூன்று வாரம். அவள் மஞ்சள் கண்ணோடு படுத்துக் கிடந்த மூன்று வாரம். விடிகாலையில் எழுந்து போய் உருளைக்கு விரிப்பு கொடுத்துவிட்டு, மத்தியானம் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளை, "உனக்கு வகுப்பு இல்லையாடி?" என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. "ஓரியன்டேஷன்க்கா" என்ற பதில் வந்திருக்கிறது. அந்தப் பெரிய சொல்லுக்கு முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"கண்டோனேஷன் விண்ணப்பத்துல கார்டியன் கையெழுத்து வேணும்," என்றான் தொப்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "எந்தெந்த நாள் வரலைன்னு அதுல போட்டிருக்கும். நீங்க பாத்துடுவீங்கன்னுதான்... அதான் வேணாம்னுட்டா."

மேடம் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையனையும் பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் குரல் ரொம்ப நல்லா இருக்கு. தோள் எப்படி?"

"மேம்?"

"மூணாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னு சொல்றாங்க. அந்தப் பொண்ணு வியாழக்கிழமையில இருந்து என் வகுப்புல இருக்கணும். அவ குரல் வேண்டாம், அவளே வேணும். பிராக்ஸிக்கு நான் எழுதி அனுப்பாம இருக்கிறது உங்க தோள்ல இருக்கு."

பெரியவள் வீட்டுக்கு வந்தபோது, சின்னவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? மாட்டினியா? பிரசன்ட் சொன்னியா?"

பெரியவள் பையைக் கழற்றி மாட்டினாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள்.

"ஓரியன்டேஷன்னா என்னடி?"

சின்னவளின் முகம் வெளுத்துப் போயிற்று.

"சொல்லு. நீதானே எனக்கு டிக்‌ஷனரி. ஓரியன்டேஷன்னா எத்தனை நாள்?"

"அக்கா..."

"தூக்கம் வந்து கட் அடிச்சேன்னு சொன்னே. நானும் உன்னை என்னென்ன திட்டினேன்! சோம்பேறின்னு சொன்னேன். அப்பா இருந்திருந்தா தோலை உரிச்சிருப்பார்னு சொன்னேன். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டியே, கழுதை!"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" சின்னவளும் கத்தினாள். "ஆள் வரலைன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டிருப்பாங்க. நீ எழுந்து நிக்கவே முடியாம கிடந்தே. வகுப்பு இருக்குன்னு சொன்னா, தவழ்ந்துக்கிட்டாவது நீயே வேலைக்குப் போயிருப்பே. போயிருக்க மாட்டே?"

"போயிருப்பேன்!"

"அதான் சொல்லலை!"

"அதுக்காக ஒரு வருஷத்தையே தூக்கிக் கொடுப்பியாடி?"

"ஒரு வருஷம் போனா திரும்ப எழுதிக்கலாம். நீ..." சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள் ஒரு தலையணையை எடுத்து அவள் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அது காலுக்கு அடியில் இருந்த தலையணை. சின்னவள் "ஐயோ" என்று அலற, பெரியவள் பதறிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா? வலிக்குதா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் யார் யாரைச் சமாதானம் செய்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் மூன்று வாரம் வராததற்குக் காரணம் என்ற இடத்தில், "எனக்கு உடம்பு சரியில்லாததால் எனக்குப் பதிலாக வேலைக்குப் போனாள்" என்று பெரியவளே தன் கையால் எழுதினாள். அப்படியெல்லாம் எழுதக் கூடாது, மானம் போகும் என்று சின்னவள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். நடக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போவது என்ற பேச்சுக்கு அதைவிடப் பெரிய எதிர்ப்பு.

"நாலு பேர் தூக்கிட்டுப் போக நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வாயைக் கழுவுடி. நாலு பேர் இல்லை, மூணு பேர்தான்."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். உனக்குப் பதிலா நான் போய் நின்னு பாத்தாச்சு, செல்லாதுன்னுட்டாங்க. அந்த ஊருக்கு நீதான் போயாகணும்."

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் சின்னவள். பின்பக்கம் மைக், முன்பக்கம் தொப்பி, மாவுக்கட்டுக் காலைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பிடித்தபடி பெரியவள்.

"இடது, இடது! டேய், உன் இடதுடா!" மைக்கின் குரலுக்கு ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. முதல் மாடியில் ஒரு பெரியவர், "ஆஸ்பத்திரிக்கா?" என்று பதறினார். "இல்லைங்க, லெக்சருக்கு," என்றான் தொப்பி, மூச்சு வாங்கியபடி. அவர் மேற்கொண்டு கேட்காமல் முன்னால் இறங்கிப் போய், லிஃப்ட் இடத்தில் இருந்த சைக்கிளை மட்டும் நகர்த்தி வழிவிட்டார்.

கீழே ஆலையின் வேன் நின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழக விருந்தினர் விடுதிக்கு வெளுத்த விரிப்பு கொண்டுபோகிற வண்டி. பெரியவள் வேன்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். சுடச்சுட மடித்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்து வகுப்புக்குப் போன முதல் மாணவி சின்னவளாகத்தான் இருக்க வேண்டும்.

கூடத்தின் வாசலில் பெரியவள் நின்றுவிட்டாள். மேடம் அவளைப் பார்த்தார். "தண்ணி வேணும், எழுந்திருக்கணும்னா இந்தப் பொண்ணுக்குத் துணை வேண்டாமா? உள்ள வந்து உக்காருங்க."

"அக்கா இனிமே ஆடிட்," என்று தொப்பி காதோடு சொன்னான். "அப்படின்னா வகுப்புல உக்காந்து கேக்கலாம். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"பரீட்சை இல்லாமலே படிக்கலாமா?" பெரியவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் எப்பவோ வந்திருப்பேனே!"

அந்த மாதம் முழுக்க ஊர்வலம் நடந்தது. ஒரு நாள் மழையில் நடந்தது. ஒரு நாள் தொப்பிக்குக் காய்ச்சல். அன்று பெரியவளின் உருளை மெஷின் ஜோடிக்காரி வந்து நாற்காலியின் முன்காலைப் பிடித்து, "அவனுக்குப் பதிலா நான்" என்றாள். சின்னவள் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகும் கைத்தடியோடு படி இறங்கினாள். கண்டோனேஷன் விண்ணப்பம் மட்டும் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. முதல் மூன்று வாரத்துக்கு எழுதிய காரணத்தைப் படித்துவிட்டு, ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று யாரோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மேடம் சொன்னார். தன் கருத்தை எழுதி அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். என்ன கருத்து என்று சொல்லவில்லை.

முடிவு வருகிற நாளில் பெரியவளுக்குக் காலை ஷிப்ட். ஆலையில் கைபேசி உள்ளே கொண்டுபோகக் கூடாது. விரிப்பு வருகிறது, மூலையைப் பிடிக்கிறாள், உதறுகிறாள், கொடுக்கிறாள். எதிரில் ஜோடிக்காரி அவள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று.

சூப்பர்வைசர் தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஆவிக்குள்ளிருந்து வந்தார். "உன் தங்கச்சி. என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

பெரியவள் கையுறையோடு அதை வாங்கிக் காதில் வைத்தாள். மெஷின் இரைச்சல்.

"அக்கா! எலிஜிபிள்!"

"என்னது?"

"எலிஜிபிள்க்கா! லிஸ்ட் போட்டாச்சு! நான் எலிஜிபிள்!"

"அது நல்லதா கெட்டதாடி? மனுஷங்க பேசுற மாதிரி சொல்லு!"

"பரீட்சை எழுதலாம்க்கா! எழுத விட்டுட்டாங்க!"

பின்னணியில் மைக் ஏதோ கத்தினாள். அது கைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். தொப்பியும் கத்தினான், சொந்தக் குரலில்.

பெரியவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தாள். ஈரக் கையுறை, ஒரு பிரயோஜனமும் இல்லை.

"என்னாச்சு?" என்றாள் ஜோடிக்காரி. சூப்பர்வைசரும் நகராமல் நின்றார்.

"தங்கச்சி எலிஜிபிள் ஆயிட்டா."

"அப்படின்னா?" என்றார் சூப்பர்வைசர்.

பெரியவள் அடுத்த விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துத் தூக்கினாள். சொல்லலாம்தான். இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது, இன்னும் சூடாக இருந்தது.

"அதெல்லாம் யுனிவர்சிட்டி விஷயம்ண்ணே," என்றாள். "சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வாங்க. உக்கார வெச்சு விளக்கமா சொல்றேன்."